பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட்

போன மாதம் மூன்றாம் மாடி நண்பர் லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார். "எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுக்கலாம்னு இருக்கேன் சார். இப்ப சப்சிடி எவ்வளவு வருது?" என்று கேட்டார். "உங்க பார்க்கிங் எந்தத் தூண் பக்கம்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மின்சார வண்டி வாங்க நினைக்கிற யார் வந்தாலும் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான். வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? அங்கே கரன்ட் வருமா? வேண்டாம் என்று தடுக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு ஷோரூமுக்குப் போனால் போதும். ஏழு மாதம் அலைந்து நான் கற்றுக்கொண்டது இது. இன்றைக்கு அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

2022 நவம்பரில் வண்டி எடுத்தேன். கொளத்தூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போய்வர, இடையில் மகளை டியூஷனில் விட, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் வண்டியில் இதற்கு மாதம் 1,500 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. மின்சார வண்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கணக்கைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. பாடி மேம்பாலம் பக்கம் நெரிசலில் நிற்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் மகள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வாள். அந்தப் புகையில் என் வண்டியின் பங்கும் இருக்கிறது என்பது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போது அரசு உதவி நிஜமாகவே தாராளமாக இருந்தது. மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு தொடங்கியது. முதலில் இரு சக்கர வண்டிக்கு, பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 10,000 ரூபாய் மானியம். கிலோவாட் மணி என்றால் வேறொன்றும் இல்லை, நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற ஒரு யூனிட்தான். 2021 ஜூனில் அதை 15,000 ஆக்கினார்கள். வண்டி விலையில் 40 சதவீதம் வரை போகலாம் என்றார்கள். மூன்று யூனிட் பேட்டரி உள்ள வண்டிக்கு 45,000 ரூபாய். அதை நாம் போய்க் கேட்டு வாங்க வேண்டியதும் இல்லை, ஷோரூம் பில்லிலேயே கழித்துவிடுவார்கள். ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டும். தமிழ்நாட்டில் ரோடு டேக்ஸ் முழு விலக்கு. பச்சை நம்பர் பிளேட்டோடு வண்டி வாசலுக்கு வந்தபோது, இந்த நாடு என்னை ஒரு நல்ல காரியம் செய்யச் சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. அந்த நன்றி எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் பில்லில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. வண்டிக்கு ஒரு ரசீது, சார்ஜருக்குத் தனி ரசீது. மானியம் பெற வண்டியின் விலை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வரம்புக்குள் நிற்பதற்காகச் சில நிறுவனங்கள் சார்ஜரை வண்டியிலிருந்து பிரித்துத் தனியாக விற்றன. அரசு கண்டுபிடித்துக் கேள்வி கேட்டது. 2023-ல் அந்தப் பணத்தை வாங்கியவர்களுக்கே திருப்பித் தரச் செய்தது. எனக்கும் வந்தது. பணம் வந்ததைவிட, சார்ஜர் வண்டியின் பாகம்தான் என்று அரசே சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் அந்தப் பேச்சு சார்ஜரோடு நின்றுவிட்டது. சார்ஜரைச் செருகுவதற்கு ஒரு ஓட்டை சுவரில் வேண்டுமே, அதுவும் வண்டியின் பாகம்தானே? அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் கட்டடத்தில் 24 வீடுகள். கீழ்த்தளம் முழுக்கத் தூண் போட்ட பார்க்கிங். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிகள். அங்கிருந்து என் வண்டி நிற்கிற இடம் அறுபது அடி. என் மீட்டரிலிருந்தே ஒரு வயர் இழுத்து, என் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பாயின்ட் வைத்துக்கொள்கிறேன், செலவு என்னுடையது, கரன்ட் பில் என்னுடையது என்று அசோசியேஷனுக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் கூட்டத்திலேயே செகரெட்டரி சார் ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய சிறு மகளும் இறந்துபோன செய்தி. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கும் மகள் இருக்கிறாள். அந்த பயத்தை அற்பம் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அந்த வருடம் நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு இறுக்கியது. ஏ.ஐ.எஸ். 156 என்கிற தரத்தைத் திருத்தி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பேட்டரிக்குள் ஒரு செல் சூடேறினாலும் பக்கத்து செல்லுக்குப் பரவக்கூடாது, முன்கூட்டியே எச்சரிக்கை வர வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. நான் அடுத்த கூட்டத்துக்கு அதை அச்செடுத்துக்கொண்டு போனேன். சிலர் படித்தார்கள். பெரும்பாலானோர் படிக்கவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு எங்கள் தெரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் பத்து நிமிடம் பேசியதில் நடந்த வேலை, நான் மூன்று மாதம் காகிதம் காட்டியதில் நடக்கவில்லை. அவர் கேட்டது இதுதான்: "இந்த ஸ்கூட்டர் சார்ஜர் ஒரு கிலோவாட்கூட இழுக்காதுங்க. உங்க வீட்டு அயர்ன் பாக்ஸ் அதைவிட ஜாஸ்தி இழுக்கும். கீஸர் ரெண்டு கிலோவாட். 24 வீட்டுலயும் காலையில கீஸர் ஓடுது, யாராவது பயந்தீங்களா?" பிறகு, பயப்பட வேண்டிய இடம் எது என்பதையும் அவரே காட்டினார். பால்கனியிலிருந்து கீழே தொங்கவிடுகிற எக்ஸ்டென்ஷன் வயர், எர்த் இல்லாத பழைய பாயின்ட், இரண்டு மூன்றை ஒன்றாகச் செருகுகிற மல்டி பிளக். முறையாகப் பாயின்ட் கொடுக்காமல் விட்டால் நாளைக்கு எல்லோரும் இந்த வேலையைத்தான் செய்வார்கள் என்றார். நான்கு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், குழாய்க்குள் ஓட்டம், தனி எம்.சி.பி., கசிவு வந்தால் உடனே விழுகிற ஆர்.சி.சி.பி., சரியான எர்த். மொத்தம் ஏழாயிரத்துக்குள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

பயம் தீர்ந்த பிறகு உரிமைப் பிரச்சினை வந்தது. மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது: வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கனவே உள்ள மின் இணைப்பைக் கொண்டே சார்ஜ் செய்துகொள்ளலாம். நான் அதைக் காட்டினேன். "வீட்டுலன்னுதானே சார் போட்டிருக்கு? பார்க்கிங் காமன் ஏரியா ஆச்சே" என்றார் செகரெட்டரி. அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்ட அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் பார்க்கிங்குக்கும் நடுவில் இருக்கிற அந்த அறுபது அடியைப் பற்றி அவருக்குத் தைரியம் தருகிற மாதிரி ஒரு வரி என் கையில் இருக்கவில்லை. 2019-ல் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, வாகன நிறுத்தத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று சேர்த்தது நல்ல விஷயம்தான். ஆனால் அது இனி கட்டப்போகிற கட்டடத்துக்கு. எங்களுடையது 2009-ல் கட்டியது. சென்னையில் மக்கள் இன்றைக்குக் குடியிருக்கிற வீடுகளில் பெரும்பாலானவை அந்தத் திருத்தத்துக்கு முன்னால் கட்டியவை.

நார்வேயைப் பற்றி அந்த நாட்களில்தான் தேடித்தேடிப் படித்தேன். 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். பணக்கார நாடு, வரியைத் தள்ளுபடி செய்தார்கள், அதனால் நடந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். வரி விலக்கு பெரிய காரணம்தான். 1990-லேயே தொடங்கி, 2001-ல் மதிப்புக் கூட்டு வரியையும் எடுத்தார்கள். எனக்கு மனதில் நின்றது வேறு. 2018-லிருந்து அமலுக்கு வந்த அவர்களுடைய அடுக்குமாடிச் சட்டத்தில், வீட்டுக்காரர் தன் பார்க்கிங்கில் சார்ஜிங் பாயின்ட் வைக்க அனுமதி கேட்டால், நியாயமான காரணம் இல்லாமல் நிர்வாகக் குழு மறுக்க முடியாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஓஸ்லோ மாநகராட்சி குடியிருப்புச் சங்கங்களுக்கு இதற்கென்றே மானியமும் கொடுத்தது. அந்த ஒரு வரி எங்கள் செகரெட்டரி கையில் இருந்திருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் ஏழு மாதம் மிச்சம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். டெல்லி அரசு 2020-ல் கொண்டுவந்த கொள்கையில், முதல் 30,000 சார்ஜிங் பாயின்ட்டுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 6,000 ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தது. வீட்டிலோ கடையிலோ வைத்துக்கொள்ளலாம். மின் விநியோக நிறுவனத்திடமே விண்ணப்பித்தால் அவர்களே வந்து பொருத்திக் கொடுப்பார்கள், மானியம் போக மீதியை மட்டும் கட்டினால் போதும் என்று ஏற்பாடு இருந்தது. ஒரு ஸ்கூட்டருக்கு 45,000 கொடுக்க முடிந்த நாட்டில் ஒரு பாயின்ட்டுக்கு 6,000 கொடுப்பது சுமையே கிடையாது. அந்தப் பாயின்ட் சுவரிலேயே இருக்கும். என் வண்டி பத்து வருடத்தில் பழையதாகிவிடும்; அடுத்த வண்டியும் அதற்கடுத்த வண்டியும் அதே பாயின்ட்டில்தான் வந்து நிற்கும்.

2023 ஜூனில் எனக்கு அனுமதி கிடைத்தது. தேதியைக் கவனியுங்கள். அதே ஜூன் முதல் தேதியிலிருந்து இரு சக்கர மானியம் யூனிட்டுக்கு 10,000 ஆகவும், வண்டி விலையில் 15 சதவீத உச்சவரம்பாகவும் குறைந்தது. 2024 ஏப்ரலில் வந்த இடைக்காலத் திட்டத்தில் யூனிட்டுக்கு 5,000, ஒரு வண்டிக்கு 10,000-க்கு மேல் இல்லை. அந்த அக்டோபரில் 10,900 கோடியில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் அடுத்த வருடமே அது யூனிட்டுக்கு 2,500, வண்டிக்கு 5,000 என்று பாதியானது. இரு சக்கர வண்டிக்கு 2026 மார்ச்சோடு கடைசி என்று வரம்பும் வைத்தார்கள். நான் பெற்ற 45,000 இன்றைக்கு யாருக்கும் கிடைக்காது. இதில் எனக்குக் குறை இல்லை. பேட்டரி விலை இறங்க இறங்க மானியமும் இறங்கவேண்டியதுதான். என் வருத்தம் அந்த ஏழு மாதத்தைப் பற்றியது. மானியம் உச்சத்தில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் கையில் பணம் இருந்தும், வாங்க மனம் இருந்தும், சுவரில் ஒரு பாயின்ட் இல்லாததால் பெட்ரோல் வண்டியே எடுத்துவிட்டார்கள். எங்கள் கட்டடத்திலேயே இரண்டு பேர்.

பாயின்ட்டைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் வைத்தோம். எலெக்ட்ரீஷியனுக்கு 2015 வெள்ளம் நினைவிருந்தது. அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். முந்தின ராத்திரியே வண்டியை மேட்டுத் தெருவில் இருக்கிற என் மச்சான் வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். தண்ணீர் வடிந்து, கரன்ட் வந்து, ஆளைக் கூப்பிட்டுச் சோதித்த பிறகு பாயின்ட் பழையபடி வேலை செய்தது. கொளத்தூர், பெரம்பூர், வேளச்சேரி பக்கம் பாயின்ட் வைக்கிறவர்கள் தயவுசெய்து இந்த உயரத்தை மறக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தினமும் ஒரு யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் அறுபது யூனிட். கோடையில் எங்கள் வீடு எப்போதும் 460, 470-ல் நிற்கும். வண்டி வந்த பிறகு 500-ஐத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ் அடுக்கில் கிடைத்துவந்த சலுகையில் ஒரு பகுதியும் போய்விடும். அப்படியும் பெட்ரோலை ஒப்பிட்டால் லாபம்தான். ஆனால் பில்லைப் பார்த்து என் மனைவி கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கையால் மானியம் கொடுத்து இன்னொரு கையால் கட்டண அடுக்கில் கொஞ்சம் எடுத்துக்கொள்வதை யாராவது உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

பொது சார்ஜிங் நிலையங்கள் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்திருக்கின்றன, வேகமாகவும் வருகின்றன. 2018 டிசம்பரிலேயே, சார்ஜிங் நிலையம் வைக்க மின்சார விற்பனைக்கான உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. நகரத்தில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று இலக்கும் வைத்தது. 2023 மார்ச்சில் மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி கொடுத்து, பங்க்குகளில் 7,432 நிலையங்கள் வைக்கச் சொன்னது. கார் வைத்திருக்கிற என் நண்பர் சென்னையிலிருந்து பெங்களூருக்குக் கவலையே இல்லாமல் போய்வருகிறார். ஆனால் அங்கே இருக்கிற சி.சி.எஸ். 2 கன் காருக்கானது, என் ஸ்கூட்டரில் செருகவே முடியாது. இந்தியாவில் விற்கிற மின்சார வண்டிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இரு சக்கரமும் மூன்று சக்கரமும்தான். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு ஒதுக்கிய 2,000 கோடியில், கார்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800 என்பதோடு, இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கென்றே 48,400 சார்ஜர்கள் என்று தனியாக எண் வைத்திருப்பதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. அவை எங்கே வைக்கப்படும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கடன் வாங்கி எலெக்ட்ரிக் ஆட்டோ எடுத்தார். 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு பேட்டரி வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டது. சென்னையில் பெர்மிட்டுக்கு ஆட்டோக்காரர்கள் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது புரியும். கேஸ் செலவு இல்லை, இன்ஜின் ஆயில் இல்லை, கையில் நிற்கிற காசு கூடுகிறது என்றுதான் அவர் சொல்கிறார். ஆனால் குடியிருப்பது வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. ஆட்டோ நிற்பது தெருவில். மாடியிலிருந்து வயர் விட முடியாது, விட்டால் அக்கம்பக்கத்தார் சும்மா இருக்க மாட்டார்கள். அதனால் வில்லிவாக்கத்தில் ஒரு பட்டறைக்காரரிடம் ராத்திரிக்கு நூறு ரூபாய் கொடுத்து வண்டியைச் சார்ஜில் போடுகிறார். வண்டியை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து, காலை ஐந்து மணிக்கு நடந்தே போய் எடுக்கிறார். பட்டறைக்காரர் ஊருக்குப் போய்விட்டால் அன்றைக்குச் சவாரி கிடையாது.

அவருக்குத் தேவையான ஒரு பாயின்ட்டை வைக்க அரசு யாரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை. அந்தக் குடியிருப்பே அரசு வாரியம் கட்டியது. நிலமும் அரசினுடையது, மின்சாரம் கொடுப்பதும் அரசு நிறுவனம். வளாகத்தின் மதில் ஓரமாகப் பத்துப் பாயின்ட்டுகள், அட்டையோ செல்போனோ காட்டினால் திறக்கிற மாதிரி, ஓடின யூனிட்டுக்கு மட்டும் காசு என்று வைத்தால், அங்கேயே எத்தனை ஆட்டோக்கள் மாறும்! 3,500 ரூபாய்க்குள் செய்யக்கூடிய எளிய சார்ஜிங் பாயின்ட்டுக்கு இந்தியத் தரம் 2021-லேயே வகுத்துவிட்டார்கள், ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் போதுமான மூன்று கிலோவாட் அளவில். பெரிய மாயம் எதுவும் தேவையில்லை.

பேருந்து விஷயத்தில் அரசு இதைச் சரியாகவே செய்தது. 2025 ஜூன் 30-ல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் 120 மின்சாரப் பேருந்துகள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பின. பணிமனையில் சார்ஜர் நின்ற பிறகுதான் பேருந்து வந்து நின்றது. வேறு மாதிரி செய்ய யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள். தாழ்தளப் பேருந்தில் என் அம்மா முதல்முறையாக யாரும் கைபிடிக்காமல் ஏறினார். சத்தமே இல்லையே, வண்டி ஓடுதா நிக்குதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். முதல் கட்டத்தில் ஐந்து பணிமனைகளிலிருந்து 625 பேருந்துகள் என்று திட்டம். பேருந்துக்குப் பணிமனை எப்படியோ அப்படித்தான் ஆட்டோவுக்கு அந்த மதில் ஓரம். ஸ்கூட்டருக்கு எங்கள் பார்க்கிங் தூண்.

மூன்றாம் மாடி நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய இடம் கிழக்குச் சுவரை ஒட்டி, மீட்டர் பெட்டியிலிருந்து இருபது அடிதான். போன ஞாயிற்றுக்கிழமை அதே எலெக்ட்ரீஷியன் வந்து அளந்துவிட்டுப் போனார். இந்த முறை செகரெட்டரி சாரே ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருவராகக் கேட்டு ஒவ்வொருவருக்காகக் கூட்டம் போடாமல், வயர் அளவு, எம்.சி.பி., எர்த், ஐந்தடி உயரம், சொந்த மீட்டர் என்று நிபந்தனைகளை எழுதி, இவற்றை நிறைவேற்றுகிறவருக்கு அனுமதி மறுக்கக்கூடாது என்று பொதுக்குழுவில் ஒரே தீர்மானமாகப் போட்டுவிடலாம் என்றார். அடுத்த மாதம் பொதுக்குழு. வாசகத்தை எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் குடியிருப்பில் இப்படி ஏற்கனவே தீர்மானம் போட்டிருந்தால் அதன் வாசகத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், ஒரு பக்கப் படமாக இருந்தாலும் போதும். எங்களுடையது நிறைவேறியதும் இங்கேயே முழுதாகப் போடுகிறேன். யார் வேண்டுமானாலும் கட்டடத்தின் பெயரை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம். ஆட்டோக்காரருக்காக வாரியத்துக்கும் எங்கள் வார்டு கவுன்சிலருக்கும் தனியாக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடைய வளாகத்தில் இன்னும் நான்கு பேர் எலெக்ட்ரிக் ஆட்டோ வைத்திருக்கிறார்களாம். ஐந்து பேரும் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.